மூன்று எண்கள், ஒரு நெடுஞ்சாலை: பொது அறிவிப்பை வரலாற்றுச் சான்றாக வாசிப்போம்



தாம்சன் சாலைப் பக்கமிருந்து ஆடம் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு லோர்னி நெடுஞ்சாலை நன்றாகத் தெரியும். ஒரு திசைக்கு நான்கு தடங்கள், மொத்தம் எட்டு. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நேரத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். நானும் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். அந்தச் சாலை எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உயர்நிலை மூன்றாம் வகுப்பில் ஒருநாள் மரபுடைமையைப் பாதுகாப்பது பற்றிக் கட்டுரைப் பயிற்சி நடந்தது. புக்கிட் பிரௌன் கல்லறைத் தோட்டத்தின் வழியே நெடுஞ்சாலை போட்டதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சார், செத்துப் போனவங்களுக்காக உயிரோட இருக்கறவங்க ஜாம்ல நிக்கணுமா?" வகுப்பு சிரித்தது. உடனே ஒரு மாணவி திரும்பிப் பார்த்து, "உன் தாத்தாவைத் தோண்டி எடுத்தா இப்படிக் கேப்பியா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. இருவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வெண்பலகையில் மூன்று எண்களை மட்டும் எழுதினேன்: 5,000. 3,746. 4,153. மூன்றும் ஒரே சாலையைப் பற்றியவை. அந்தச் சாலையால் பாதிக்கப்படும் கல்லறைகள் எத்தனை என்பதற்கு வெவ்வேறு நேரத்தில் சொல்லப்பட்ட விடைகள். "எது சார் சரி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் வரலாற்றுப் பாடம் தொடங்கியது. அதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குன்றுக்குப் பெயர் வந்த கதை

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. பிரௌன் என்பது ஜார்ஜ் ஹென்றி பிரௌன் என்ற ஆங்கிலேயக் கப்பல் வணிகரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் அவருக்கு நிலம் இருந்தது. அதனால் 'பிரௌனின் குன்று' ஆனது. ஹொக்கியன் பேசும் சீனர்கள் இதைக் 'கோப்பி சுவா', அதாவது காப்பிக் குன்று, என்று அழைத்தார்கள். ஓர் இடத்துக்கு மலாய்ச் சொல், ஆங்கிலேயர் பெயர், ஹொக்கியன் பெயர் என மூன்றும் சேர்ந்திருப்பதே பழைய சிங்கப்பூரின் அடையாளம்தான், இல்லீங்களா?

1870களில் இந்த நிலம் ஓங் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஹொக்கியன் சீனர்களின் கைக்கு வந்தது. தங்கள் குலத்தாரைப் புதைக்கும் இடமாக அதை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சீனர்களுடைய கல்லறை நிலங்கள் பெரும்பாலும் குலச் சங்கங்கள், வட்டாரச் சங்கங்கள் ஆகியவற்றின் வசம் இருந்தன. எந்தச் சங்கத்தையும் சேராத ஏழைச் சீனர் இறந்தால் புதைக்க இடம் கிடைப்பது கடினம். எல்லாச் சீனர்களுக்கும் பொதுவான ஒரு கல்லறை வேண்டும் என்று சமூகத் தலைவர்கள் நகராண்மையிடம் வலியுறுத்தி வந்தார்கள். 1919ஆம் ஆண்டில் நகராண்மை இந்த நிலத்தின் ஒரு பகுதியைக் கையகப்படுத்தியது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி புக்கிட் பிரௌன் நகராண்மைக் கல்லறையாகத் திறக்கப்பட்டது. 1973இல் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 1,00,000 கல்லறைகள் அங்கே சேர்ந்துவிட்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், மாணவர்களே. 2011இல் அரசாங்கம் சாலைக்காக எடுத்த இந்த நிலம், 1919இலும் அரசாங்கம் பொதுத் தேவைக்காக எடுத்த நிலம்தான். அப்போதைய பொதுத் தேவை கல்லறை. இப்போதைய பொதுத் தேவை சாலை. 'பொதுத் தேவை' என்ற சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகிறது. இதைக் கட்டுரையில் எழுதினால், தேர்வாளர் உங்கள் சிந்தனையை நிச்சயம் கவனிப்பார்.

அங்கே யார் இருந்தார்கள்?

புக்கிட் பிரௌனில் பெரும் பணக்காரரும் இருந்தார்கள், ரிக்‌ஷா இழுத்தவரும் இருந்தார்கள். பூன் லே என்ற பெயர் நமக்கெல்லாம் எம்ஆர்டி நிலையத்தின் பெயராகத்தான் தெரியும். அந்தப் பெயருக்குரிய வணிகர் சியூ பூன் லே இங்கேதான் அடக்கமானார். ஓங் சாம் லியோங் குடும்பத்தின் கல்லறைதான் இங்கே உள்ளவற்றில் மிகப் பெரியது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாத்தா லீ ஹூன் லியோங்கின் கல்லறையும் இங்கே உண்டு.

சில கல்லறைகளின் இரு புறத்திலும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். அந்தக் காலத்தில் சீக்கியர்கள் போலீஸ்காரர்களாகவும், 'ஜாகா' என்று நம்மவர்கள் சொல்லும் காவலாளிகளாகவும் வேலை பார்த்தார்கள். பணக்காரச் சீனர் வீட்டு வாசலில் ஜாகா நிற்பார். ஆகவே இறந்த பிறகும் காவலுக்கு ஒரு ஜாகா இருக்கட்டும் என்று சிலை வைத்தார்கள். சீனர் கல்லறையில் இந்தியர் உருவம்! பாடநூலில் 'பல இன சமுதாயம்' என்று ஒரு வரியில் படிப்பது, இங்கே கல்லில் நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொரு சான்று, பதிவேடு. நகராண்மைக் கல்லறை என்பதால் புதைக்கப்பட்டவர்களின் விவரம் பதிவேட்டில் எழுதப்பட்டது. 1922 முதல் 1972 வரையிலான அந்தப் பதிவேடுகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் மின்வடிவில் உள்ளன. சாதாரண மக்களைப் பற்றிய எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. அந்த வகையில் இது பெரிய சொத்து.

2011: அறிவிப்பு வருகிறது

சரி, இப்போது சாலைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லோர்னி சாலையிலும் தீவு விரைவுச்சாலையிலும் உச்ச நேரத்தில் கடுமையான நெரிசல் இருக்கிறது. 2020க்குள் அங்கே போக்குவரத்து மேலும் 20 முதல் 30 விழுக்காடு கூடும். ஆகவே புக்கிட் பிரௌன் வழியாக எட்டுத் தடப் புதிய சாலை அமைக்கப்படும். சுமார் 5,000 கல்லறைகள் பாதிக்கப்படும். இதுதான் சாரம்.

அரசாங்கத்தின் வாதத்தை நேர்மையாகப் புரிந்துகொள்வது மாணவர்களின் கடமை. சிங்கப்பூர் சிறிய நாடு. நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொள்கின்றன, வீடுகள் எடுப்பது 14 விழுக்காடு. லோர்னி சாலையையே அகலப்படுத்தலாமே என்றால், ஒரு பக்கம் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய இயற்கை வனம், மற்ற இடங்களில் தனியார் வீடுகள். எங்கே கை வைத்தாலும் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். மேலும் புக்கிட் பிரௌனில் எதிர்காலத்தில் வீடுகள் கட்டும் திட்டம் 1991ஆம் ஆண்டுக் கருத்துருத் திட்டத்திலேயே இருந்தது. வட்டப் பாதை ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தாவரவியல் பூங்கா நிலையத்துக்கும் கால்டிகாட் நிலையத்துக்கும் இடையே ரயில் நீண்ட தூரம் நிற்காமல் ஓடும். நடுவே புக்கிட் பிரௌன் நிலையம் மண்ணுக்கடியில் வெறும் கூடாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வருங்காலக் குடியிருப்பாளர்களுக்காகக் காத்திருக்கும் நிலையம் அது.

ஆக, சாலை திடீரென்று தோன்றிய யோசனை அன்று. ஆனால் பொதுமக்களில் பலருக்கு அது திடீரென்றுதான் தெரிந்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் சிக்கல் இருக்கிறது.

மக்கள் என்ன கேட்டார்கள்?

அறிவிப்பு வந்ததும் எதிர்வினைகள் எழுந்தன. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம், இங்கே இருப்பது நாட்டின் ஆரம்பகால மக்களுடைய வரலாறு, இதைக் காக்க வேண்டும் என்றது. இயற்கைச் சங்கம், ஆள் நடமாட்டம் குறைந்த இந்தக் குன்றில் பறவைகளும் மரங்களும் செழித்திருக்கின்றன, மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அருகே உள்ள பசுமைப் பகுதி இது என்று எடுத்துச் சொன்னது. தன்னார்வலர்கள் வார இறுதிகளில் இலவசமாக மக்களை அழைத்துப்போய்க் கல்லறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். அவர்களைச் செல்லமாகப் 'பிரௌனீஸ்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூடக் குடும்பத்தோடு வந்தார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் "சாலையே வேண்டாம்" என்று மட்டும் சொல்லவில்லை. அவர்களுடைய கேள்விகளில் முக்கியமான ஒன்று தகவலைப் பற்றியது. எந்தக் கணக்கை வைத்து இந்த முடிவு எடுக்கப்பட்டது? மாற்று வழிகள் எவை ஆராயப்பட்டன? முடிவுக்கு முன்னால் ஏன் எங்களிடம் கேட்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு அரசாங்கத் தரப்பின் நிலைப்பாடு இது: சாலை தேவை என்பது முடிவானது. அதை எப்படி அமைப்பது, பாதிப்பை எப்படிக் குறைப்பது என்பதில் கருத்துகளைக் கேட்போம். அப்போது தேசிய வளர்ச்சித் துணையமைச்சராக இருந்த டான் சுவான் ஜின் இந்தக் கலந்துரையாடல்களை முன்னின்று நடத்தினார்.

'வேண்டுமா?' என்று கேட்பதும், 'எப்படி வேண்டும்?' என்று கேட்பதும் ஒன்றல்ல. வீட்டில் அம்மா, "இன்னிக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்பது ஒருவகை. "சாம்பார் வச்சிட்டேன், உப்பு போதுமா பாரு" என்பது இன்னொரு வகை. இரண்டாவதிலும் நம் கருத்துக்கு இடம் உண்டு, ஆனால் மீன்குழம்பு கேட்கும் நேரம் தாண்டிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் உடனே புரிந்தது.

2012: எண் மாறுகிறது

2012 மார்ச் 19ஆம் தேதி இறுதிப் பாதை அறிவிக்கப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இரண்டு முக்கிய வேறுபாடுகள் இருந்தன.

முதலாவது, சாலையின் மூன்றில் ஒரு பகுதி, சுமார் 600 மீட்டர், தரையில் போகாமல் பாலத்தின் மேல் போகும். அடியில் இருக்கும் ஓடையும் பள்ளத்தாக்கும் விலங்குகள் நடமாடும் வழியும் அப்படியே இருக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டாவது, பாதிக்கப்படும் கல்லறைகள் 5,000 அல்ல, 3,746 என்று சொல்லப்பட்டது.

மக்கள் பேசியதால் பயன் இல்லை என்று யாராவது சொன்னால், இந்தப் பாலத்தைக் காட்டுங்கள். மக்கள் பேசியதால் எல்லாம் மாறியது என்று யாராவது சொன்னால், சாலை போன வழியைக் காட்டுங்கள். இரண்டும் உண்மை. அதே நாளில் பல ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து, திட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி கோரின. கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிறகு பாதிக்கப்பட்ட கல்லறைகளின் எண்ணிக்கை 4,153 என்று உயர்ந்தது.

இப்போது வெண்பலகையில் இருந்த மூன்று எண்களுக்கும் திரும்பிப் போவோம். எது சரி? மூன்றுமே அந்தந்த நாளின் பொதுத் தகவல். முதலாவது, திட்டமிடும்போது போட்ட உத்தேசம். இரண்டாவது, பாதை முடிவானபோது எண்ணியது. மூன்றாவது, அதற்குப் பிறகு வந்த கணக்கு. தேர்வில் "5,000 கல்லறைகள் தோண்டப்பட்டன" என்று எழுதினால் தவறு. "2011ஆம் ஆண்டு முதல் அறிவிப்பின்படி சுமார் 5,000 கல்லறைகள் பாதிக்கப்படும் எனக் கருதப்பட்டது" என்று எழுதினால் சரி. எண்ணோடு அதன் தேதியையும், சொன்னவரையும் சேர்த்து எழுதும் பழக்கம் வரலாற்று மாணவருக்கு அவசியம். தேதியில்லாத எண்ணை நம்பாதீங்க.

கல்லறைகளுக்கு நம்பர் போட்ட கதை

பாதிக்கப்படும் கல்லறைகளை முறையாக ஆவணப்படுத்த அரசாங்கம் ஏற்பாடு செய்தது. மானிடவியல் ஆய்வாளர் டாக்டர் ஹுய் யூ ஃபூங் தலைமையில் ஒரு குழு களத்தில் இறங்கியது. ஒவ்வொரு கல்லறைக்கும் எண் எழுதிய குச்சி நட்டார்கள். புதரை வெட்டி, கல்லைத் துலக்கி, எழுத்தைப் படித்து, படம் எடுத்தார்கள். கல்லில் இறந்தவரின் பெயர், சீனாவில் அவருடைய பூர்வீக ஊர், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒரு கல்லறைக் கல் என்பது ஒரு குடும்பத்தின் குடியேற்ற வரலாறு.

பாதிக்கப்பட்ட கல்லறைகளின் பட்டியலை ஆணையம் பொதுவில் வெளியிட்டது. உறவினர்கள் பதிவுசெய்து உரிமை கோரலாம். 2013ஆம் ஆண்டு சிங் மிங் வழிபாடு முடியும்வரை தோண்டும் வேலையைத் தள்ளிவைத்தார்கள். சிங் மிங் என்பது சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாள். நமக்கு ஆடி அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒருமுறை அந்த இடத்திலேயே கும்பிட்டுக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

உறவினர் வந்த கல்லறைகளில் சடங்கு நடந்தது. எலும்புகள் மீது வெயில் படக்கூடாது என்று குடை பிடிப்பது வழக்கம். யாரும் உரிமை கோராத எச்சங்களை அரசாங்கமே தகனம் செய்து, சாம்பலைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, அதன்பிறகும் யாரும் வராவிட்டால் கடலில் கரைப்பது நடைமுறை.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. மூடப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலோர் மறந்திருந்த இடம் அது. சாலை வருகிறது என்ற அறிவிப்புதான் அதை எல்லாருக்கும் தெரிய வைத்தது. பட்டியலைப் பார்த்துத் தாத்தாவைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு. அழிவு வந்த பிறகுதான் அக்கறை வந்தது என்பது வருத்தம்தான். அந்த அக்கறை முன்பே இருந்திருந்தால், தகவலும் முன்பே கேட்கப்பட்டிருக்கும். இதில் குறை அரசாங்கத்தின் பக்கம் மட்டும்தானா? நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சாலை திறந்தது, அதன் பிறகு?

2013 ஆகஸ்டில் 134.7 மில்லியன் வெள்ளிக்கான கட்டுமான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஆபத்தில் இருக்கும் மரபுடைமை இடங்களைக் கவனப்படுத்தும் உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரௌன் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் சிங்கப்பூர் இடம் அதுதான். வேலை தொடர்ந்தது. சாலையின் முதல் பகுதி 2018 அக்டோபரிலும், முழுச் சாலையும் 2019 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. கல்லறைத் தோட்டத்தின் பழைய இரும்பு வாயிற்கதவுகளைப் பழுதுபார்த்துப் புதிய நுழைவழியில் பொருத்தினார்கள். 2017இல் மரபுடைமைச் சங்கமும் தன்னார்வலர்களும் சேர்ந்து, வழிகாட்டிப் பலகைகளுடன் தானே நடந்து பார்க்கும் பாதை ஒன்றை அமைத்தார்கள். பெரும்பாலான கல்லறைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. வகுப்போடு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அரசாங்கம் தகவல் சொல்லும் முறையிலும் மாற்றம் தெரிகிறது. குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அடியில் போகலாமா என்ற கேள்வி எழுந்தபோது, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வின் முதல் கட்ட அறிக்கை 2016ஆம் ஆண்டில், முடிவு எடுப்பதற்கு முன்பே, மக்கள் பார்வைக்கு வந்தது. இறுதி முடிவு 2019 டிசம்பரில்தான் வெளியானது. வனத்துக்கு அடியில், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் பாதை போகும் என்பது அந்த முடிவு. ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் இரு தரப்பினர் கையிலும் ஒரே அறிக்கை இருந்தது. 2022இல் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு மரபுடைமைத் தாக்க மதிப்பீட்டு நடைமுறையும் வந்தது. இவற்றுக்கெல்லாம் புக்கிட் பிரௌன் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த அனுபவத்துக்குப் பின்னால் வந்தவை என்று எழுதுங்கள். 'பின்னால்' வேறு, 'காரணமாக' வேறு. வரலாற்றுக் கட்டுரைகளில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இது சீனர் கதை மட்டுமா?

"இது அவங்க கல்லறை, நமக்கென்ன?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். பிடாதாரியைச் சொல்லுங்கள். அப்பர் சிராங்கூன் சாலையை ஒட்டியிருந்த பிடாதாரி கல்லறையில் கிறித்துவர், முஸ்லிம், இந்து, சிங்களவர் என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அதுவும் 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 2001க்குப் பிறகு அங்கிருந்த எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. கிறித்துவர், முஸ்லிம் கல்லறைகள் மட்டுமே 1,00,000க்கும் மேல். இன்று அங்கே வீவக வீடுகள் எழுந்துள்ளன. சில கல்லறைக் கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்தில் உள்ளன. புதிய வீட்டில் குடியேறும் இளம் தம்பதிக்கு அந்த நிலம் தேவை. அங்கே அடக்கமாகியிருந்தவரின் பேரப்பிள்ளைக்கு அது கடைசித் தடயம். நம் குடும்பங்களிலும் அப்படி ஒரு தடயம் எங்காவது இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள்.

தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

எந்தப் பெரிய திட்டத்தின் அறிவிப்பு கையில் கிடைத்தாலும், சிங்கப்பூரானாலும் மலேசியாவானாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, யார் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள்? சாலை அமைக்கும் அமைப்பு நெரிசலைப் பற்றி அதிகம் பேசும். மரபுடைமை அமைப்பு கல்லறைகளைப் பற்றி அதிகம் பேசும். இருவரும் பொய் சொல்வதாக இதற்குப் பொருள் இல்லை.

இரண்டு, எப்போது சொல்லப்பட்டது? முடிவுக்கு முன்னா, பின்னா? என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் முக்கியம்.

மூன்று, எதை எண்ணியிருக்கிறார்கள், எதை எண்ணவில்லை? வாகனங்களை எண்ணலாம், கல்லறைகளை எண்ணலாம். ஒரு பேரனின் மனக்கஷ்டத்தை எண்ண முடியாது. எண்ண முடியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நான்கு, பிறகு என்ன மாறியது? முதல் அறிவிப்பையும் கடைசி விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த நான்கையும் வைத்து எழுதினால் கட்டுரை ஒருபக்கச் சாய்வாக இருக்காது. அதே நேரத்தில், "இரண்டு பக்கமும் நியாயம் உண்டு" என்று நழுவவும் வேண்டாம். உங்கள் முடிவைச் சொல்லி, அதற்குச் சான்றும் காட்டுங்கள். என் முடிவு இது: சாலை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் போக்குவரத்துக் கணக்கும் மாற்று வழிகளின் விவரமும் முடிவுக்கு முன்பே மக்கள் கைக்கு வந்திருந்தால், அதே சாலை வந்திருந்தாலும் மனக்கசப்பு குறைந்திருக்கும். ஒருவேளை சாலையின் வடிவமும் முன்கூட்டியே மேம்பட்டிருக்கும். நீங்கள் மாறுபடலாம். சான்றோடு மாறுபடுங்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு முதல் கேள்வி கேட்ட அந்த மாணவன் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தான். "சார், இப்பவும் ரோடு வேணும்னுதான் நெனக்கிறேன். ஆனா அந்த லிஸ்ட்ல யாரும் தேடி வராத பேரு எத்தன இருந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும்" என்றான். எங்கே போய்த் தேடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வகுப்பில் கலந்துரையாட

1. 1919இல் நிலத்தை எடுத்ததற்கும் 2011 சாலை அறிவிப்புக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?

2. 5,000, 3,746, 4,153 ஆகிய எண்களில் ஒன்றை மட்டும் பயன்படுத்தி ஒரு செய்தித் தலைப்பு எழுதுக. எண்ணை மாற்றினால் தலைப்பின் தொனி எப்படி மாறுகிறது?

3. உங்கள் வட்டாரத்தில் அண்மையில் வந்த ஒரு சாலை அல்லது ரயில் திட்ட அறிவிப்பை எடுத்து, மேற்கண்ட நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை?